பதுவையில் இறக்கி வைத்த மஞ்சள் காமாலை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். 2012 செப்டம்பரில் நான் இத்தாலி போனது, என் அலுவலகக் கோப்பின்படி, புனித யாத்திரை.

நான் வேலை பார்ப்பது ஹைதராபாத் குஷாய்குடாவில், பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில். பாதுகாப்புத் துறைக்கும் சாமான் செய்கிற இடம் என்பதால், சொந்தக் காசில் வெளிநாடு போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்கும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று சான்று வாங்க வேண்டும். படிவத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்று ஒரு கட்டம். ‘மகள் பட்டம் வாங்குகிறாள்’ என்று எழுதினால் ஐந்து இணைப்புகள் வேண்டும். என்ன படிப்பு, யார் செலவு, எங்கே தங்கல், அங்கிருந்து ஒரு கடிதம், அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. பிரிவு எழுத்தர் ரமணா என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, “தீர்த்தயாத்ரா அனி ராசேயண்டி சார். எவரூ அடகரு” என்றார். யாத்திரை என்று எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாம்.

யோசித்துப் பார்த்தேன். நான் போகிற பதுவை அந்தோணியார் இருக்கிற ஊர்தானே? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலில் மெழுகுவத்தி ஏற்றாத வீடு எந்த மதத்திலும் குறைவு. எழுதிக் கொடுத்தேன். ஒன்பதே நாளில் சான்று வந்தது. கூடவே கண்காணிப்புப் பிரிவு அதிகாரி கூப்பிட்டனுப்பி, தன் பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். அந்த அளவுக்கு நான் யோக்கியன்.

நிஜமான காரணம் என் மகள் பூர்ணிமா. ஹைதராபாத்திலேயே கட்டடக்கலை படித்தவள். 2010-ல் பதுவைக்குப் போனாள், பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற மேற்படிப்புக்கு. அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சுண்ணாம்புப் பூச்சு. நம் கோல்கொண்டா சுல்தான்கள் சமாதிகளில் இருக்கிற பூச்சையும் அந்த ஊர் மாளிகைகளில் இருக்கிற பூச்சையும் ஒப்பிட்டு எழுதினாள். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இருக்கிற என் மச்சினர் சிவசு, அதாவது என் மனைவியின் அண்ணன், இதைக் கேள்விப்பட்டதும் கேட்டது இது: “ஏன் மாப்ள, சுண்ணாம்பு அடிக்கவா புள்ளய இத்தாலிக்கு அனுப்புதீரு? மூசாப்பேட்ட கூட்டுரோட்டுல நின்னா தெனக்கூலிக்கு ஆள் கெடைக்குமே.”

அவர் இரண்டு பையன்களும் மென்பொருள். ஒருவன் ஹைடெக் சிட்டி, ஒருவன் நியூ ஜெர்சி. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பிள்ளைகள் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் இருந்தார்கள். வேறெங்காவது இருந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

கோளாறு என்றதும் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்தப் பயணக் கட்டுரை நகராது. 2008-ல் பூர்ணிக்கு ஒரு வரன் வந்தது, சிவசு மூலமாக. பையனுக்கு மென்பொருள் வேலை, நல்ல குடும்பம். செகந்திராபாத்தில் மண்டபம் பிடித்து நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்தாயிற்று. ஒன்பது நாள் இருக்கும்போது பையன் அவளிடம் ஃபோனில், “கட்டடமெல்லாம் எதுக்கு, ஆறு மாசம் ஜாவா படிச்சிடு, எங்க கம்பெனியிலயே போட்டுடலாம்” என்றிருக்கிறான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். அன்றைக்கு ஹைதராபாத்தில் யாருக்கும் யாரும் தருகிற ஆசீர்வாதம் அதுதான். பூர்ணி என்னிடம் வந்து, “எனக்கு இவனப் பிடிக்கலப்பா, வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றாள்.

நான் தொலைபேசியை எடுத்தேன். ‘என் மகளுக்கு இஷ்டமில்லை’ என்கிற மூன்று வார்த்தை தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது, “பொண்ணுக்கு மஞ்சள் காமாலைங்க.”

பொய் சொல்கிறவன் சின்ன நோயாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை. அன்று சாயங்காலமே காலனியிலிருந்து கீழாநெல்லிக் கட்டுகள் வரத் தொடங்கின. பார்க்க வருகிறவர்களுக்காக நோயே இல்லாத ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண், மூன்று வாரம் உப்பில்லாத மோர்சாதம் சாப்பிட்டாள். அவர்கள் போன பிறகும் காமாலை போகவில்லை. ‘ஈரல் கொஞ்சம் வீக்காம்’ என்று அது குகட்பள்ளிக்கும் செகந்திராபாத்துக்கும் பஸ் ஏறிப் போனது. பதுவைக்கு அவளை வழியனுப்பிய அன்று விமான நிலையத்தில் பூர்ணி ஒரே வாக்கியம்தான் சொன்னாள். “பிடிக்கலன்னு சொல்லச் சொன்னேன், நோயாளின்னு சொல்லிட்டீங்க.” அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னிடம் அவள் பேசியது வானிலை மட்டும்.

அப்படிப்பட்டவள் 2012 ஜூலையில், “பட்டம் வாங்கறேன், ரெண்டு பேரும் வாங்க” என்றாள். இரண்டு பேரும் என்றால் அதில் நானும் அடக்கம். இந்தப் பயணத்தின் ‘ஏன்’ அதுதான்.

இப்போது செலவு. துபாய் வழியாக வெனிஸுக்குப் போகவர ஒரு ஆளுக்கு 43,800 ரூபாய். விசாக் கட்டணம் அறுபது யூரோ, யூரோ அப்போது எழுபது ரூபாய்ப் பக்கம். விசாவுக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பயணக் காப்பீடு கட்டாயம், எங்களுக்கு ஆளுக்கு 1,150 ரூபாய். குஷாய்குடாவிலிருந்து ஷம்ஷாபாத் விமான நிலையம் 48 கிலோமீட்டர், டாக்ஸிக்கு 950. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். இரண்டு பெட்டியையும் மேலே கட்டிய இரண்டு அட்டைப்பெட்டியையும் பார்த்த டிரைவர் கவுஸ் பாய், “கைக்கு சாப், இத்தா சாமான்? ஷாதி ஹை க்யா?” என்றார். கல்யாணம் இல்லை, பொண்ணு படிச்சு முடிச்சிட்டா என்றேன். “ஷாதி சே அச்சா” என்று வண்டியை எடுத்தார். கல்யாணத்தைவிட நல்லது என்று அவர் சொன்னதை வசந்தாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. வசந்தா என் மனைவி. முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறாள், உருது தனக்குத் தெரியாது என்று அவள் சொல்வதை நம்புகிறவன் நான் ஒருவன்தான்.

துபாயைத் தாண்டி எங்கேயோ பறக்கும்போது நான் ஒரு தற்பெருமையில் வாயை விட்டேன். ஆகஸ்டில் பூர்ணியின் அறைத்தோழி கியாரா எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அந்த ஊரில் பட்டம் வாங்குகிறவர்களுக்கு ‘பாப்பிரோ’ என்று ஒன்று உண்டு. ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி. மேலே பட்டம் வாங்குபவரைக் கன்னாபின்னாவென்று கேலிச்சித்திரம் வரைந்திருப்பார்கள். கீழே அவருடைய பிறப்பு முதல் நேற்று வரை நடந்த மானக்கேடுகள் அத்தனையும் எதுகை மோனையோடு பாட்டாக இருக்கும். நண்பர்கள் ரகசியமாகத் தயாரித்துத் தெருவில் ஒட்டிவிடுவார்கள். பட்டம் வாங்கியவர் நடுத்தெருவில் நின்று அதை உரக்க வாசிக்க வேண்டும். நாக்குத் தடுக்கினால் ஒரு வாய் ஒயின். ‘வீட்டிலிருந்தும் கதை வேண்டும், அவளிடம் சொல்லாதீர்கள்’ என்று கியாரா கேட்டிருந்தாள். பிறத்தியார் சங்கதியை என்னிடம் கேட்பது, ஆட்டோக்காரரிடம் ‘மீட்டருக்கு மேல எவ்வளவு வேணும்’ என்று கேட்பதற்குச் சமம். பதினோரு கதை அனுப்பியிருந்தேன்.

“என்னென்ன எழுதுனீக?” என்றாள் வசந்தா.

“சும்மா சிரிக்கிறதுக்கு. யூ.கே.ஜி.யில மிஸ்ஸக் கடிச்சது, சைக்கிளோட சாக்கடையில விழுந்தது.”

“காமாலையையுமா?”

நான் முன்னால் இருந்த சின்னத் திரையில் விமானம் எந்த நாட்டு மேல் பறக்கிறது என்று பார்ப்பதில் மும்முரமானேன்.

“ஏங்க, ஒங்களத்தான் கேக்கேன். காமாலையையும் எழுதுனீகளா?”

“ஏழாவது கதை.”

வசந்தா பெல்ட்டைக் கழற்றிவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். “வெளங்கிரும். ரெண்டு வருசம் கழிச்சு இப்பதான் அவ வாயத் தொறந்து வாங்கன்னு கூப்பிட்டிருக்கா. அத அவ வாயாலயே நடுத்தெருவுல வாசிக்க வைக்கியளே, நீங்க மனுசனா?”

ஈரான் வானம் முழுக்க நான் அந்தத் திரையையே பார்த்தேன். துருக்கி வானத்திலும் அதுதான்.

மாலை ஏழு பத்துக்கு வெனிஸில் இறங்கினோம். விமான நிலைய வாசலிலிருந்தே பதுவைக்குப் பேருந்து இருக்கிறது. எட்டு யூரோ, ஒரு மணி நேரம். வெனிஸைப் பார்க்காமல் போகிறோமே என்று மனது அடித்துக்கொள்ளாதீர்கள், பதுவையிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். பூர்ணி பேருந்து நிலையத்தில் நின்றாள். கொஞ்சம் ஏறியிருந்த அழகோடு, மஞ்சள் மழைக்கோட்டோடு. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து, “வாங்கப்பா. ஃப்ளைட் லேட்டா? இங்க ரெண்டு நாளா மழை” என்றாள். வானிலை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவுக்கு ஐம்பத்தைந்து யூரோவுக்கு அறை, காலைச் சிற்றுண்டியோடு. சிற்றுண்டி என்றால் பிறை வடிவ ரொட்டியும் சுண்டு விரல் அளவு காப்பியும். ஊறுகாய் கொண்டு போங்கள். அங்கிருந்து பழைய நகரத்துக்கு டிராம் 1.20 யூரோ. இந்த டிராம் ரப்பர் சக்கரத்தில், நடுவே ஒரே ஒரு தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நடந்தால் இருபது நிமிடம். நாங்கள் நடந்தோம். நடக்கும்போது, எங்களோடு வந்த கியாராவைத் தனியாக ஓரம் கட்டி என் குஷாய்குடா ஆங்கிலத்தில் மன்றாடினேன். நம்பர் செவன், ப்ளீஸ் டெலீட், பிக் மிஸ்டேக். அவள் சிரித்துக்கொண்டு உதட்டில் விரலை வைத்து, “சீக்ரெட், பாப்பா” என்றாள். இத்தாலியனில் அப்பாவுக்குப் பேர் பாப்பா. கண்ணையும் அடித்தாள். எனக்கு ஐம்பத்துநாலு வயது. கண்ணடித்ததில் சந்தோஷப்படக்கூட விதியில்லாமல் போயிற்று.

மறுநாள் வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தின் பழைய மாளிகையைப் பார்த்தோம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். நாங்கள் போனபோது செவ்வாய், வியாழன், சனி காலையிலும் மற்ற வார நாள்களில் பிற்பகலிலும் சுற்று. ஆளுக்கு ஐந்து யூரோ, நாற்பத்தைந்து நிமிடம். சீட்டு கால் மணி நேரம் முன்னால்தான் கொடுக்கத் தொடங்குவார்கள், எனவே அரை மணி முன்பே போய் நில்லுங்கள். நாங்கள் பத்தே காலுக்கு நுழைந்தோம்.

மாளிகைக்குப் பெயர் ‘எருது’. நான் சொல்லவில்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. முன்னொரு காலத்தில் அந்த இடத்தில் எருதுப் பலகை மாட்டிய ஒரு சத்திரம் இருந்ததாம். இடத்தை வாங்கிப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. இதுவே நம் ஊராக இருந்தால் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றித் தலைவர் ஒருவர் பெயரை வைத்திருப்போம்.

உள்ளே போனதும் பழைய முற்றம். நாலு பக்கமும் இரண்டு அடுக்குத் தூண்கள். கீழடுக்கில் தடிமனான எளிய தூண்கள், மேலடுக்கில் ஒல்லியாக, தலையில் சுருள் வைத்தவை. பாரம் தாங்குகிறவன் கீழே, அலங்காரம் பண்ணிக்கொள்கிறவன் மேலே என்று எங்கள் தொழிற்சாலையின் நிர்வாக அமைப்பையே கல்லில் செதுக்கியது மாதிரி. சுவர், கூரை, வளைவு என்று ஓர் அங்குலம் விடாமல் கல்லிலும் வர்ணத்திலும் கேடயச் சின்னங்கள். இங்கே படித்த, பொறுப்பிலிருந்த பெரிய வீட்டுப் பிள்ளைகள் தங்கள் குடும்பச் சின்னத்தைப் பொறித்துவிட்டுப் போனார்கள் என்று பூர்ணி விளக்கினாள்.

“புரியுது. கோயில் ட்யூப்லைட்டுல வெளிச்சம் வராத அளவுக்கு ‘உபயம்’னு எழுதுவாகள்ளா, அது” என்றாள் வசந்தா. பூர்ணி சத்தம் போட்டுச் சிரித்தாள். நானும் சிரிப்பில் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். அவள் நிறுத்திவிட்டு, “அப்பா, படி வழுக்கும், மழை பேஞ்சிருக்கு” என்றாள்.

அந்தப் படிக்கட்டின் அடியில் ஒரு பெண்ணின் சிலை. உலகத்திலேயே பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் பெண்கள் வரிசையில் வைத்துச் சொல்லப்படுகிறவள், 1678-ல். அவள் கேட்டது இறையியல் பட்டமாம். பெண்ணுக்கு இறையியலா என்று பிஷப் மறுத்துவிட, தத்துவப் பட்டம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பூர்ணி அந்தச் சிலைக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நின்றாள். “ஒண்ணு சொல்லச் சொன்னா, வேற ஒண்ணச் சொல்லி முடிச்சிடறது அப்பவே இருந்திருக்கு” என்றாள், சிலையிடம்.

நான் வாயைத் திறந்தேன். “ஏட்டி பூர்ணி, அந்த ஏழாவது...” வழிகாட்டிப் பெண் கையைத் தட்டி எல்லோரையும் அடுத்த அறைக்கு ஓட்டினாள். இத்தாலியிலும் நல்ல காரியத்துக்கு நேரம் கிடைப்பதில்லை.

அடுத்த அறையில் ஒரு மரமேடை. தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பிய அந்தப் பெரிய விஞ்ஞானி பதினெட்டு வருடம் இந்த ஊரில் பாடம் எடுத்தார். கூட்டம் அதிகமாகி ஆளே தெரியவில்லை என்று அவருக்காக மாணவர்கள் அடித்துக் கொடுத்த மேடை என்று சொல்கிறார்கள். நம் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தச்சர் அவசரமாக அடித்துக் கொடுப்பாரே, அதே லட்சணம். ஆணி தெரிகிறது. எனக்கு அந்த மாளிகையில் ரொம்பப் பிடித்தது இந்த மேடைதான்.

கடைசியாக உடற்கூறு அரங்கம். 1594-ல் கட்டியது, நிரந்தரமாகக் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. நீங்கள் மேலேயிருந்து பார்க்கப் போவதில்லை, பிணம் வைத்த மேசை இருந்த இடத்துக்குக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கப் போகிறீர்கள். தலைக்கு மேலே முட்டை வடிவத்தில் ஆறு வளையங்கள், கீழிருந்து மேலே அகன்றுகொண்டே போகின்றன. வால்நட் மரத்தில் கடைந்த கைப்பிடிகள். புனலுக்குள் விழுந்த எறும்பு மாதிரி இருக்கும். இருநூறு, முந்நூறு மாணவர்கள் அந்த வளையங்களில் நெருக்கியடித்து நின்று, கீழே ஒருவன் திறந்து கிடப்பதைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். யாருக்காவது மயக்கம் வந்தாலும் விழ இடம் கிடையாதாம்.

“சாயங்காலம் செகந்திராபாத் பஸ்ஸுல அப்படித்தான்” என்றாள் வசந்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு இதே நேரம் என் மகள் நடுவில் நிற்பாள், சுற்றிலும் நின்று குனிந்து பார்ப்பார்கள், கத்தியை எடுத்துக் கொடுத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அவள் முறை. ஒரு அறை, நீள மேசை, ஏழு பேராசிரியர்கள். இருபது நிமிடம் சுண்ணாம்பைப் பற்றிப் பேசினாள். ஒரு வார்த்தை புரியவில்லை, கோல்கொண்டா என்ற வார்த்தை வந்த ஆறு தடவையும் நானும் வசந்தாவும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வெளியே அனுப்பினார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள், எழுந்து நின்று பட்டம் கொடுத்ததாக அறிவித்துக் கை குலுக்கினார்கள். மொத்தம் இருபத்தாறு நிமிடம். நூற்றுப்பத்துக்கு நூற்றெட்டு. “மிச்சம் ரெண்டு எங்க போச்சு?” என்று கேட்டது நானல்ல, வசந்தா.

அப்புறம் தெருவுக்கு வந்தோம். வெளியே வந்ததும் தலையில் ஓர் இலைக் கிரீடம் வைத்தார்கள். பிரியாணியில் போடுகிற இலைக்கு அக்கா முறை. கியாரா கூட்டம் பூர்ணிக்கு அந்த மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிவிட்டது, வெயிலில். மஞ்சள் கையுறை. மூக்கில் மஞ்சள் சாயம். மஞ்சள்! வசந்தா என் முழங்கையைக் கிள்ளிய இடம் ஊர் திரும்பும் வரை நீலமாக இருந்தது.

எருது மாளிகைச் சுவரில் பாப்பிரோ. மேலே என் மகளின் படம், பெரிய மூக்குத்தி, கையில் சுண்ணாம்பு மட்டை, உடுப்பு விஷயத்தில் படு சிக்கனம். அந்தப் படத்தை வசந்தா இன்னும் மன்னிக்கவில்லை. கீழே பொடி எழுத்தில் எண்பது வரி. பூர்ணி வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரிக்கு ஒரு சிரிப்பு, தடுக்கினால் ஒரு வாய்.

“என்னட்டி குடிக்கே?” என்றாள் வசந்தா.

“திராட்சை ஜூஸ்மா!” என்று கத்தினாள் பூர்ணி.

“எத்தன வருசத்துக்கு முந்துன ஜூஸாம்?” என்றாள் வசந்தா என்னிடம்.

முக்கால்வாசி முடிந்திருக்கும். பூர்ணி நிறுத்தினாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்து ஒரு வரி இத்தாலியனில், அதையே எங்களைப் பார்த்துத் தமிழில், அடுத்த வரி இத்தாலியனில், அதையே தமிழில்.

“ஹைதராபாத்ல ஒரு பொண்ணு. மாப்பிள்ளை பாத்தாங்க.” கூட்டம் விசிலடித்தது. “மாப்பிள்ளை சொன்னான், சுவரெல்லாம் நக்கோ, ஜாவா படி.” ஒரே கூச்சல். நக்கோ என்றால் ஹைதராபாத் உருதுவில் வேண்டாம். “பொண்ணு சொன்னா, நீயே நக்கோ.” கைதட்டல். “அவங்க அப்பா பயந்துட்டார். ஃபோனை எடுத்து, பொண்ணுக்கு மஞ்சள் காமாலைன்னுட்டார்.”

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. ஆறு வளையமும் தெரிந்தது எனக்கு.

“மூணு வாரம் உப்பில்லாத சாப்பாடு.” சிரிப்பு. “அன்னியிலேர்ந்து அந்த ஊர்ல அவ நோயாளி.” இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பூர்ணி தாளில் விரலை வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். “கடைசி வரிய வீட்டுல மூத்தவங்கதான் வாசிக்கணுமாம். இங்க வழக்கம். வாங்கப்பா.”

போனேன். “என்னம்மா எழுதியிருக்கு?”

“ஒங்களுக்குத் தெரியும். நாலு வருஷம் முன்னாடியே தெரியும்.”

எருது மாளிகையின் சுவரைப் பார்த்து நின்றேன். பிறகு சுவரை எதற்குப் பார்க்க வேண்டும் என்று தெருவைப் பார்த்துத் திரும்பினேன். எங்கிருந்து வந்ததோ, ஷிஃப்ட் மாறும்போது இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்துவேனே, அந்தக் குரல். “என் மகளுக்கு ஒரு நோயும் இல்ல! அவளுக்கு அந்தப் பையனப் பிடிக்கல! அவ்வளவுதான்!”

ஒருவருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. அத்தனை பேரும் கை தட்டினார்கள். பின்னாலிருந்து வசந்தா, “எனக்கும் பிடிக்கல! கேட்டாத்தானவே சொல்லுதுக்கு!” என்றாள். கட்டிய நாளிலிருந்து என்னை அவள், ஊரில் ஆம்பளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற அந்த ‘வே’ போட்டது அன்று ஒரு நாள்தான்.

பூர்ணி புட்டியை என்னிடம் நீட்டினாள். “உச்சரிப்பு சரியில்லப்பா. குடிங்க.” குடித்தேன். ஜூஸ் இல்லை. அன்று பிற்பகல் மூன்று மணி நேரம் நானும் அவளும் ஊர்ச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நடந்தோம். எது சுண்ணாம்பு, எது சிமெண்டு ஒட்டுப்போட்டது என்று சத்தத்தில் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மழை பெய்தது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமையே குகட்பள்ளி போய்ச் சிவசுவிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “சரி மாப்ள, நடந்தது நடந்துபோச்சு. இப்ப எதுக்கு இத வெளிய சொல்லிக்கிட்டு? நாலு பேரு என்ன நெனைப்பான்?”

“நாலு பேருக்கு நானே எழுதிப் போடுதேன்” என்றேன். போட்டுவிட்டேன். குகட்பள்ளி, செகந்திராபாத், குஷாய்குடா வாசகர்கள் கவனிக்க: பூர்ணிமாவுக்குக் காமாலை 2008-லும் இல்லை, இன்றும் இல்லை. ஈரல் இரும்பு. அந்தப் பையன் நல்லவன், நன்றாக இருக்கிறான், அவனிடம் நான் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். முழுக் காரணம். இதற்கு மேல் காரணம் வேண்டுபவர்கள் என் வீட்டுக்கு வரலாம், உப்பில்லாத மோர்சாதம் தயாராக இருக்கிறது. கோப்பில் யாத்திரை என்று எழுதியதற்கு நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கட்டும். மெழுகுவத்தி ரசீது இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பட்டம் வாங்குகிற பருவமாகப் பார்த்துப் போங்கள், வெறும் மாளிகையைவிட வாசல் தெருதான் வேடிக்கை. சுற்றுக்கு நல்ல செருப்பு போதும், ஆனால் ஊரெல்லாம் கூழாங்கல் பாவிய தெரு, முழங்கால் வலிக்காரர்கள் யோசியுங்கள். கதை கேட்டு மின்னஞ்சல் வந்தால் ஆறோடு நிறுத்துங்கள். பாப்பிரோவை மடிக்காதீர்கள், சுருட்டி அட்டைக்குழாயில் போட்டுக் கையிலேயே கொண்டு வாருங்கள், குழாய் மூன்று யூரோ.

எங்களுடையதைச் சட்டம் போட்டு, மேல்பாதிக்கு வசந்தா ஒரு திரை தைத்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். போன வாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து சிஸ்டர் வந்திருந்தார். நாகர்கோவில்காரர், ஆறு வருடம் ரோமாபுரியில் இருந்தவர். எண்பது வரியையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். கால்வாயில் விழுந்தது, மஞ்சள் மழைக்கோட்டோடு தூங்கியது, மூன்று தடவை சைக்கிள் திருட்டுப் போனது, சாம்பாரைத் தீய்த்துத் தீயணைப்பு வண்டி வந்தது என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்து கடைசி வரியில் நிறுத்தினார். காமாலை எங்கே சிஸ்டர் என்று கேட்டேன். முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்துவிட்டுச் சொன்னார்: “மாப்பிள்ளை, காமாலை, அப்படி ஒரு வரிகூட இதுல இல்லையே சார்.”